தலைவர் மாற்றப் பேக்கேஜ்: காசுக்கு என்ன கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை

கல்வி உதவித்தொகை தரும் சங்கத்திலோ அறக்கட்டளையிலோ தலைவர், செயலாளர் மாறியதும் முதலில் எழும் பேச்சு, "யாரையாவது பிடிச்சு ஃபைல் பண்ணிடலாம்" என்பதுதான். அந்த 'யாராவது' இன்று ஒரு சந்தை. பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டிருக்கும் ஆவண எழுத்தர், ஆண்டுக் கணக்கு பார்க்கும் ஆடிட்டர், தேடினால் விளம்பரமாக மேலே வந்து நிற்கும் இணைய நிறுவனங்கள், வழக்கறிஞர் என்று நான்கு வாசல்கள். 'பொறுப்பாளர் மாற்றம்' என்ற பெயரில் எல்லோரும் ஏறத்தாழ ஒரே சரக்கைத்தான் விற்கிறார்கள். அந்தச் சரக்குக்கான மதிப்பீடு இது. தமிழ்நாட்டில் பதிவான அமைப்புகளை மனத்தில் வைத்து எழுதியது. வருமான வரிப் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி; 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், அதன் பிறகு விண்ணப்பிப்பவர்கள் புது எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தப் பேக்கேஜ்கள் பதிவேட்டில் பெயரை மாற்றித் தருகின்றன. அந்த வேலைக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கலாம். வங்கியில் கையெழுத்து மாறுவது, லாகின்கள் கைமாறுவது, மாணவர்களுக்கு ஏற்கெனவே கொடுத்த வாக்கு அடுத்தவர் மேசைக்குப் போய்ச் சேர்வது ஆகியவை பெரும்பாலான பேக்கேஜில் கிடையாது. அங்கே ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

எந்த வாசலில் யார்

ஆவண எழுத்தரின் பலம், உள்ளூர் அலுவலகத்தின் வழக்கம் அவருக்கு விரல் நுனியில் இருப்பது. எந்தத் தாளில் யார் கையெழுத்து, எத்தனை நகல், எந்தப் பக்கத்தில் முத்திரை என்பதில் தவறமாட்டார். பலவீனம், உங்கள் துணை விதியை (சங்கம் தனக்கென எழுதிப் பதிந்த விதிகளை) படிக்கமாட்டார் என்பது. அவரிடம் ஒரு மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) மாதிரி இருக்கும். கோயில் திருப்பணிச் சங்கத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் உங்களுக்கும் அதே மாதிரிதான், பெயரும் தேதியும் மட்டும் வேறு.

ஆடிட்டர் அலுவலகத்தில் வரி சம்பந்தமான பகுதி ஒழுங்காக நடக்கும். கூட்டம் கூட்டிய முறை சரியா என்று அங்கே யாரும் துருவமாட்டார்கள். இன்னொரு சங்கடம், பல அமைப்புகளின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (கணினியில் செருகிக் கையெழுத்திடும் சின்னச் சாவி) ஆடிட்டரின் மேசை டிராயரில்தான் தூங்குகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42இன்படி அந்தச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டியவர் அதன் உரிமையாளர். பழைய செயலாளரின் டோக்கன் அவர் விலகிய பிறகும் டிராயரில் இருந்தால், விலகியவரின் பெயரில் ஆவணம் கையெழுத்தாகும் வாய்ப்பும் அங்கேயே இருக்கிறது. பேக்கேஜ் பேசும் அன்றே பழைய டோக்கனைத் திரும்ப வாங்கி, எழுத்தில் ஒப்புகை பெறுங்கள்.

இணைய நிறுவனங்கள் கம்பெனிச் சட்ட வேலையில் வேகமானவை. தமிழ்நாட்டுச் சங்கங்கள் என்று வரும்போதுதான் தடுமாற்றம். அவர்களைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: "எங்கள் சங்கத்துக்கு எந்தச் சட்டம்?" 1860 என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம். அது மத்தியச் சட்டம். இங்கே பதிவாகும் சங்கங்களுக்கு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, அதன் கீழ் 1978ஆம் ஆண்டு விதிகள். 1860 என்று சொல்பவர் வடமாநிலம் எதற்காகவோ எழுதிய மாதிரியைத்தான் உங்களுக்கும் அனுப்புவார்.

வழக்கறிஞர் இரண்டு இடத்தில் மட்டும் தேவை: டிரஸ்ட் டீடில் (அறக்கட்டளையை உருவாக்கிய பத்திரத்தில்) அடுத்தவர் யார் என்று எழுதாமல் விட்டிருந்தால், அல்லது இரண்டு கோஷ்டி இருந்தால்.

சங்கம் என்றால்

சங்கத்தில் பேக்கேஜின் உயிர், படிவம் 7. நிர்வாகக் குழுவில் ஏற்பட்ட மாற்றத்தை மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் தாள் அது. மாற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அவர்கள் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கச் சட்டத்தில் தடையில்லை. முப்பது வருடமாக ஒரே தலைவர் இருக்கும் சங்கங்கள் சட்டத்தை மீறவில்லை. மூன்று வருடத்துக்கொருமுறை தேர்தலையும் படிவத்தையும் ஒழுங்காகச் செய்திருந்தால். செய்யாத சங்கங்கள்தான் அதிகம். அங்கேதான் பேக்கேஜ் விலை திடீரென்று ஏறும்.

ஏனென்றால், கடைசியாகப் பதிவேட்டில் ஏறிய குழுவுக்கும் இப்போது விலகுகிறவர்களுக்கும் பெயர் பொருந்த வேண்டும். 2016இல் போட்ட பட்டியலில் பொருளாளர் ஒருவர். இன்று விலகுவதாகக் கடிதம் கொடுப்பவர் வேறொருவர். இடையில் நடந்த மாற்றம் எதுவும் ஏறவில்லை. கவுண்டரில் முதல் கேள்வியே "இவர் எப்போ வந்தார்?" என்பதாகத்தான் இருக்கும். விடுபட்ட ஒவ்வொரு தேர்தலுக்கும் கூட்ட அறிவிப்பு, வருகைக் கையொப்பம், தீர்மானம் தேட வேண்டும். ஆண்டுக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்யாத வருடங்கள் இருந்தால் அவையும் கூடவே கேட்கப்படும். "பழசை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்பவரிடம், அது ஒப்பந்த விலைக்குள்ளா வெளியேயா, எத்தனை வருடம் என்று எழுதி வாங்குங்கள். பழைய தேதியிட்டு மினிட்ஸ் தயாரித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த வாசலை விட்டு இறங்கிவிடுங்கள். அது போலி ஆவணம். உதவித்தொகை அமைப்பில் வருடத்துக்கு நாற்பது குடும்பங்களாவது உங்கள் தாளை நம்பி நிற்கின்றன.

படிவம் திரும்பி வரும் காரணங்களில் தமிழர்களுக்குப் பழகிய ஒன்று இனிஷியல். ஆதாரில் 'முருகன் எஸ்', பானில் 'சுப்பையா முருகன்', சங்கப் பதிவேட்டில் 'எஸ். முருகேசன்'. மூன்றும் ஒரே மனிதர்தான், கணினிக்கு மூவர். டிஜிட்டல் கையொப்பம் பானில் உள்ளபடி வரும், வங்கி ஆதாரை வைத்துப் பார்க்கும், பதிவு அலுவலகம் பழைய பட்டியலைப் பார்க்கும். புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு முன்பே அவருடைய பான், ஆதார் எழுத்தை ஒன்றாக்கிவிட்டு, மினிட்ஸிலும் அதே எழுத்தைப் போட்டால் பாதித் தலைவலி அப்போதே தீரும். ஆண்டுக்கணக்கில் இந்த வேலையையே செய்கிற ஏஜென்டுகள் இதை முன்கூட்டிச் சொல்லாதது வியப்புதான். ஒருமுறை திரும்பி வந்தால் மறுபடி ஒரு 'விசிட் சார்ஜ்' போடலாம் என்பதும் காரணமாக இருக்கலாம்.

அடுத்த காரணம் இன்னும் கனமானது. தலைவரைப் பொதுக்குழு நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறதா, பொதுக்குழு தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு தன்னுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறதா? துணை விதியில் ஒரே ஒரு வரியாக இருக்கும். மாதிரி மினிட்ஸில் 'நிர்வாகக் குழு ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது' என்று அச்சாகியே இருக்கும். உங்கள் விதி பொதுக்குழு என்று சொன்னால், படிவம் ஏறினாலும் தேர்தல் செல்லாது என்று எந்த உறுப்பினரும் பின்னால் கிளப்பலாம். கூட்ட அறிவிப்புக்கு 14 நாளா 21 நாளா, எத்தனை பேர் இருந்தால் கோரம், பதிலாள் வாக்கு உண்டா என்பவையும் அதே பக்கத்தில்தான் இருக்கும். எந்த ஏஜென்டிடமும் முதல் சந்திப்பில் துணை விதியை நீட்டுங்கள். அந்த வரியைத் தேடிப் படிக்கிறாரா என்று பாருங்கள். படிக்காமல் "எல்லாம் ஒரே மாதிரிதான் சார்" என்பவரைவிட நீங்களே செய்துகொள்ளலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் சங்கங்களுக்கான பகுதி இருக்கிறது.

'பதிவாளர் ஆபீசில் ஆள் இருக்கு' என்ற வாக்குறுதிக்கு எந்த மதிப்பும் இல்லை. இரண்டு கோஷ்டி இரண்டு படிவம் 7 போட்டால், யார் உண்மையான நிர்வாகி என்று முடிவுசெய்வது பதிவாளர் வேலை இல்லை, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. அலுவலகத்தில் முந்திக்கொண்டு ஏற்றிய தாள், தகராறு முற்றினால் வங்கியில்கூட உதவாது. எதிர்த்தரப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தாலே வங்கி கணக்கை நிறுத்திவைக்கலாம்.

ஒரு சின்ன விஷயம். நிறைய சங்கங்களில் தலைவர் மாறுவது அலங்காரம்தான். வழக்கு போடுவதும் போடப்படுவதும் செயலாளர் பெயரில். செக்கில் கையெழுத்து செயலாளரும் பொருளாளரும். அப்படியென்றால் நீங்கள் காசு கொடுத்து மாற்ற வேண்டிய இடம் வேறு. விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

டிரஸ்ட் என்றால்

சங்கத்துக்குச் சட்டம் இருக்கிறது, பொது அறக்கட்டளைக்குப் பெரும்பாலும் டீடுதான் சட்டம். சமயச் சார்பற்ற கல்வி டிரஸ்டுக்குத் தமிழ்நாட்டில் தனியாக ஒரு டிரஸ்ட் பதிவாளர் கிடையாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி. ஆகவே இங்கே விற்கும் சரக்கு 'துணை ஆவணம்', அதாவது மூலப் பத்திரத்தோடு சேரும் கூடுதல் பத்திரம். அதை எழுதிப் பதிவுசெய்து தருகிறார்கள்.

கேள்வி, அந்தத் துணை ஆவணத்தை எழுதும் அதிகாரம் யாருக்கு என்பது. டீடில் திருத்தும் அதிகாரம் வைத்திருந்தால் சரி. 'மேனேஜிங் டிரஸ்டி ஆயுட்காலம் வரை. அவருக்குப் பின் அவர் நியமிப்பவர்' என்று மட்டும் எழுதி, யாரையும் நியமிக்காமலே அவர் இறந்துவிட்டால், மிஞ்சிய டிரஸ்டிகள் உட்கார்ந்து எழுதும் துணை ஆவணம் பதிவாகும், ஆனால் நிற்காது. பதிவு அலுவலகம் உள்ளடக்கத்தின் செல்லுபடியைத் தீர்மானிப்பதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வழி, உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 92இன் கீழ் நீதிமன்ற அனுமதி பெற்றுப் போவது. அதற்கு மாதக்கணக்கு போதாது, வருடக்கணக்கு. பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். அவர் அறத்துக்கு விட்டுப்போன பணம் வழக்குகளில் கிடந்து, நீதிமன்றம் தலையிட்ட பிறகு, சென்னையில் பள்ளியானது 1842இல். அடுத்தவர் யார் என்று சொல்லாத ஓட்டை இன்றைய டீடுகள் பலவற்றிலும் இருக்கிறது.

டிரஸ்ட் பேக்கேஜில் யாரும் சேர்க்காத, ஆனால் நூறு சதவீதம் சேர்த்தே ஆக வேண்டிய வேலை, மூல டீடின் சான்றிட்ட நகல் எடுப்பது. அசையாச் சொத்து இல்லாமல் ரொக்கத்தை வைத்துத் தொடங்கிய டிரஸ்ட் டீடு, பதிவு அலுவலகத்தின் 4ஆம் புத்தகத்தில் ஏறியிருக்கும். பதிவுச் சட்டம் 1908, பிரிவு 57இன்படி 1ஆம் புத்தகத்தில் உள்ளதற்கு யாரும் நகல் கேட்கலாம். 4ஆம் புத்தகத்துக்கு, எழுதிக்கொடுத்தவரும் அதன்கீழ் உரிமை கோருபவரும் அவர்களுடைய முகவரும் பிரதிநிதியும்தான் கேட்கலாம். நிறுவனர் உயிரோடு இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடியும் விஷயம், பிறகு 'நீங்கள் யார்' என்று நிரூபிக்கும் வேலையாகிவிடும். வங்கிக்கு ஒன்று, வருமான வரிக்கு ஒன்று, பெட்டியில் ஒன்று என்று மூன்று நகல் எடுத்துவையுங்கள்.

துணை ஆவணம் எழுதும் அன்று இன்னொரு ஆசை வரும்: "எழுதுறதுதான் எழுதறோம், மருத்துவ உதவியையும் நோக்கத்தில் சேர்த்துடலாமே." வேண்டாம். தலைவரோ டிரஸ்டியோ மாறியதற்காக 10ஏபி படிவம் (வருமான வரிப் பதிவுக்கான விண்ணப்பம்) போட வேண்டியதில்லை. நோக்கங்கள் மாறி, பதிவின் நிபந்தனைகளுக்குப் பொருந்தாமல் போனால் 30 நாளுக்குள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தவறவிட்டால் வரிவிலக்குக்கு ஆதாரமான 12ஏபி பதிவே ஆட்டம் காணும். சாதாரண ஆள் மாற்றத்துக்கும் 10ஏபி என்று தனியாக ஒரு வரி பில்லில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அதே சமயம் உங்கள் பதிவு ஆணையின் பின்பக்க நிபந்தனைகளில் 'டிரஸ்டிகள் மாறினால் தெரிவிக்கவும்' என்றிருந்தால் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். அதற்குப் பேக்கேஜ் எல்லாம் தேவையில்லை.

பிரிவு 8 கம்பெனி

கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவாகும் லாப நோக்கமற்ற கம்பெனி இது. இங்கேதான் இணைய நிறுவனங்கள் காசுக்கு நியாயம் செய்கின்றன. புதியவருக்கு டிஜிட்டல் கையொப்பம், டின் (இயக்குநர் அடையாள) எண், டிஐஆர்-2 சம்மதக் கடிதம், போர்டு தீர்மானம், பிறகு 30 நாளுக்குள் இயக்குநர் மாற்றத்தைத் தெரிவிக்கும் டிஐஆர்-12. பங்கு மூலதனம் இல்லாத கம்பெனிக்கு ஒரு படிவத்துக்கு அரசுக் கட்டணம் ரூ. 200. தாமதமானால் கூடுதலாக 30 நாள் வரை இரண்டு மடங்கு, 60 வரை நான்கு, 90 வரை ஆறு, 180 வரை பத்து, அதற்கு மேல் பன்னிரண்டு. அதாவது அரை வருடம் தாண்டினாலும் கூடுதல் கட்டணம் ரூ. 2,400தான். 'லேட் ஃபீஸ்' என்று பில்லில் ஐந்திலக்கத் தொகை இருந்தால் சலானைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தப் படிவத்தில் தொடரும் இயக்குநர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். இரண்டே இயக்குநர், அதில் காலாவதியாகாத டோக்கன் வைத்திருந்தவர் இறந்துவிட்டார் என்றால் வேலை சிக்கும். மூன்று இயக்குநர், குறைந்தது இரண்டு டோக்கன் உயிரோடு இருப்பது நல்லது.

வங்கி: பேக்கேஜ் முடியும் இடம், பிரச்சினை தொடங்கும் இடம்

படிவம் 7இன் ஒப்புகை வந்ததும் ஏஜென்ட் மீதிப் பணம் கேட்பார். உங்கள் வேலை அப்போது பாதிதான் முடிந்திருக்கும். வங்கிக்குப் புதிய குழுவின் பட்டியல், பதிவுச் சான்று, துணை விதி அல்லது டீடு, தீர்மானம், புதியவர்களின் அடையாள ஆவணம், மாதிரிக் கையொப்பம் எல்லாம் வேண்டும். கிளையில் ஏற்றுக்கொண்டாலும், கேஒய்சி மையத்தில் சரிபார்த்துத் திரும்பும்வரை பழைய கையெழுத்தும் ஓடாது, புதியதும் ஓடாது என்ற இடைவெளி வரலாம். கல்லூரிக் கட்டணக் கெடு அதற்காகக் காத்திருக்காது.

வங்கித் தீர்மானத்தை ஏஜென்டின் மாதிரியில் விட்டுவிடாமல் இந்த நான்கு விஷயமாவது இருக்கும்படி எழுதுங்கள்:

"கணக்கு எண் ______ இல் இதுவரை கையொப்பமிட்டுவந்த திரு/திருமதி ______ அவர்களின் அதிகாரம் ______ தேதியுடன் முடிவடைகிறது. அத்தேதிக்கு முன் அவர் கையொப்பமிட்டு, இன்னும் பணமாகாத, இணைப்பில் கண்ட எண்களுள்ள காசோலைகளை வங்கி ஏற்றுப் பணம் வழங்கலாம். இனி ______, ______, ______ ஆகிய மூவரில் எவரேனும் இருவர் கூட்டாகக் கணக்கை இயக்கலாம். இணையவழிக் கணக்கில் பதிவிடுபவர் ______, ஒப்புதல் அளிப்பவர் ______."

இரண்டாவது வாக்கியம்தான் உதவித்தொகை அமைப்புக்கு முக்கியம். மேடையில் கொடுத்த செக்கை மாணவர் ஊருக்கு எடுத்துப்போய், கணக்கு தொடங்கி, இரண்டு மாதம் கழித்துப் போடுவார். செக்கின் ஆயுள் மூன்று மாதம். அதற்குள் கையொப்பம் மாறியிருந்தால் அது திரும்பலாம். திரும்பிய செக்குக்குச் சில வங்கிகள் மாணவரின் கணக்கிலிருந்தும் கட்டணம் பிடிக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப்போகிற பிள்ளைக்கு நம் முதல் பரிசு அபராதமாகப் போவது அழகா? செக் எண், பெயர், தொகை, தேதி நான்கையும் எழுதிய பட்டியல் அந்தத் தீர்மானத்தோடு போக வேண்டும்.

'தலைவரும் பொருளாளரும் கூட்டாக' என்று இருவரை மட்டும் வைத்திருக்கும் அமைப்புகள் இந்தச் சந்தர்ப்பத்தில் 'மூவரில் இருவர்' என்று மாறிவிடுவது நல்லது. அடுத்தமுறை ஒருவர் மாறும்போதோ மறையும்போதோ மற்ற இருவர் கையில் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். வைப்புத்தொகை ரசீதுகளையும் இதே நாளில் எடுத்துப் பாருங்கள். டிரஸ்ட் பெயரில் இருக்க வேண்டியது, 'இன்னார், மேனேஜிங் டிரஸ்டி' என்று ஆள் பெயரில் கிடக்கும். முதிர்வுத் தொகை போய்ச்சேரும் கணக்கு எது என்றும் கேளுங்கள்.

வரி, வெளிநாட்டு நிதி

வருமான வரி இணையக் கணக்கில் முதன்மைத் தொடர்பாளர் யார், ஓடிபி போகும் கைபேசி யாருடையது, மின்னஞ்சல் யாருடையது என்று பார்த்து மாற்றுவது அரைமணி வேலை. விலகியவரின் கைபேசியில் ஓடிபி மாட்டிக்கொண்டால் அக்டோபர் 31இல் ஐடிஆர்-7 (அறக்கட்டளைகளுக்கான வருமான வரிக் கணக்கு) போடும்போதுதான் தெரியும். மின்னஞ்சலை ஆள் பெயரில் வைக்காமல் அமைப்பின் பெயரில் ஒன்று வைத்துக்கொண்டால் இந்தச் சனியன் நிரந்தரமாகத் தொலையும். தொண்டு அமைப்புகளைப் பதிவுசெய்யும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்திலும் பொறுப்பாளர் விவரம் மாற்ற வேண்டும். நல்ல ஏஜென்டுகள் இதைச் சேர்த்தே செய்கிறார்கள்.

யாரும் செய்யாதது, புதிய தலைவரின் உறவினர் பட்டியலைப் பயனாளிப் பட்டியலோடு ஒப்பிடுவது. டிரஸ்டியும் அவருடைய நெருங்கிய உறவினரும் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 13(3)இல் வருகிறார்கள். அவர்களுக்கு அமைப்பின் வருமானத்திலிருந்து பலன் போனால் அந்தத் தொகைக்கு விலக்கு போய், 30 சதவீத வரியும், முதல்முறை என்றால் அதே அளவு அபராதமும் வரலாம். நேற்றுவரை வெறும் உறுப்பினராக இருந்தவரின் தம்பி தகுதியோடு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கலாம். அண்ணன் நிர்வாகக் குழுவுக்குள் வந்த நாளிலிருந்து அதே தொகை வேறு கண்ணோடு பார்க்கப்படும். தேர்தலுக்கு முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது. பதில் 'ஆமாம்' என்றால் ஆடிட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். பதவியா உதவித்தொகையா என்று அந்தக் குடும்பமே முடிவுசெய்ய நேரமும் கொடுங்கள்.

வெளிநாட்டு நன்கொடைப் பதிவு உள்ளவர்களுக்கு எஃப்சி-6இ படிவம். மாற்றத்திலிருந்து 45 நாள். புதியவர்களின் ஆதார் கட்டாயம். வெளிநாட்டு நன்கொடை வந்துசேரும், டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில் கையொப்ப மாற்றம் தனி வேலை. அதை உள்ளூர் கணக்கோடு சேர்த்து ஒரே விலை சொல்பவர் ஒன்று அனுபவசாலி, அல்லது அதைப் பற்றிக் கேள்வியே படாதவர். இதுவரை எத்தனை முறை செய்திருக்கிறார் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

பேக்கேஜில் இல்லாத கணக்கு

ஒரு சாதாரண அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பத்து மாணவர், நான்கு வருடப் படிப்பு, தலைக்கு ரூ. 25,000. எந்த நேரத்திலும் நாற்பது பேர் வாங்கிக்கொண்டிருப்பார்கள்; வருடச் செலவு பத்து லட்சம். இந்த வருடப் பணத்தைக் கொடுத்துவிட்டு தலைவர் விலகுகிறார். கணக்குப் புத்தகத்தில் பாக்கி பூஜ்யம். ஆனால் முதல் வருட மாணவர் பத்துப் பேருக்கு இன்னும் மூன்று வருடம், அடுத்த பத்துப் பேருக்கு இரண்டு, அடுத்த பத்துக்கு ஒன்று. மொத்தம் அறுபது தவணை, பதினைந்து லட்சம். இந்தத் தொகை பெரும்பாலும் இருப்புநிலைக் குறிப்பில் கடனாக வராது, படிவம் 7இல் வராது, எந்த ஏஜென்டின் கோப்பிலும் வராது. பழைய தலைவரின் வாய்மொழியில் இருக்கும், சில நேரம் அவர் அனுப்பிய வாழ்த்துக் கடிதத்தில் இருக்கும்.

புதியவர் உற்சாகத்தில் முதல் கூட்டத்திலேயே "இந்த வருஷம் இருபது பேருக்குக் கொடுப்போம்" என்று அறிவிப்பதும், மூன்றாம் வருடத்தில் பழைய மாணவர்களுக்குத் தவணை நிற்பதும் இந்தத் தாள் இல்லாததால்தான். ஒப்படைப்புக் கோப்பில் மாணவர் பெயர், கல்லூரி, எத்தனையாம் ஆண்டு, மீதித் தவணை, தொடர நிபந்தனை (மதிப்பெண்ணா, வருகையா, அரியர் இருந்தால் நிற்குமா), எந்த நன்கொடையாளரின் பெயரில் என்று ஆறு நிரல் போதும். பெயரிட்ட அறக்கொடைகளுக்கு அசல் கடிதத்தைச் சேருங்கள். ஐந்து லட்சம் வைப்பு, ஏழு சதவீதம் வட்டி என்றால் வருடம் ரூ. 35,000. 'அம்மா பெயரில் இரண்டு மாணவிகளுக்கு' என்று நன்கொடையாளர் எழுதியிருந்தால், தலைக்கு ரூ. 25,000 கொடுக்க அந்த வட்டி போதாது. குறையைப் பொதுநிதியிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார்களா என்று புதியவருக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தக் கோப்பை எந்தச் சேவை நிறுவனமும் தயாரிக்க முடியாது. பழைய செயலாளரும் புதிய செயலாளரும் இரண்டு மாலை சேர்ந்து உட்கார்ந்தால் முடியும்.

எப்போது, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது

ஜூலை, ஆகஸ்டில் தலைவரை மாற்றாதீர்கள். பொறியியல் கலந்தாய்வும் கல்லூரிக் கட்டணக் கெடுவும் அப்போதுதான். செப்டம்பர் பொதுக்குழுவில் தேர்ந்தெடுத்து, பொறுப்பேற்கும் தேதியை நவம்பர் 1 என்று தீர்மானத்திலேயே போடுவது சௌகரியம். செப்டம்பர் 30க்கான தணிக்கை அறிக்கையும் அக்டோபர் கடைசிக்கான ஐடிஆர்-7உம் கணக்கை நடத்தியவரின் கையெழுத்திலேயே முடியும். உதவித்தொகையும் அதற்குள் போயிருக்கும். ஆனால் பழைய குழுவின் மூன்றாண்டு எப்போது முடிகிறது என்று பாருங்கள். செப்டம்பரிலேயே முடிந்துவிட்டால் இந்த இடைவெளி கிடைக்காது. படிவம் 7க்கான மூன்று மாதத்தையும், சந்தேகமே வராதபடி, தேர்ந்தெடுத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது அரசுக் கட்டணம் தனி, சேவைக் கட்டணம் தனி என்று இரண்டு வரியாக எழுதச் சொல்லுங்கள்; அரசுக் கட்டணத்துக்கு உங்கள் அமைப்பின் பெயரிலேயே ரசீது வர வேண்டும். முழுப்பணம் முன்கூட்டிக் கேட்பவரை விட்டுவிடலாம். மூன்றில் ஒரு பங்கு தாள்களைக் கையில் கொடுக்கும்போது, ஒரு பங்கு பதிவு அலுவலக ஒப்புகை வந்ததும். மீதியை வங்கி மாறிய பிறகு, புதியவர்கள் இருவர் கையெழுத்திட்ட செக்காகக் கொடுங்கள். அது அவர் கணக்கில் பணமாக ஏறினால் வேலை முடிந்தது. திரும்பினால் அவரே வந்து கதவைத் தட்டுவார்.